வரவு செலவு – வாசகர் கேள்வி பதில்: சனிக்கிழமைச் சம்பளமும் புதன்கிழமைப் பற்றாக்குறையும்

வீட்டுக் கடனை அடைப்பது பற்றிய கேள்விகளை அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை திருப்பூர், பல்லடம், ஈரோடு, காங்கேயம் பக்கத்தைச் சேர்ந்தவை. அவற்றிலும் வாரச் சம்பளம் வாங்குகிற வீடுகளின் கடிதங்களே மிகுதி. ஆகையால் இந்த முறை முதல் கடிதத்துக்கு அதிக இடம் ஒதுக்கியிருக்கிறேன். எழுதியவர்கள் யாருடைய பெயரையும் வெளியிடவில்லை.

கேள்வி: நானும் என் கணவரும் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறோம். அவர் டெய்லர், ஒன்றரை ஷிப்ட் பார்த்து வாரம் 4,800 ரூபாய் கொண்டு வருகிறார். சின்னவன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு நானும் செக்கிங் வேலைக்குப் போகிறேன். எனக்கு வாரம் 2,600 ரூபாய். சனிக்கிழமை 7,400 ரூபாய் கைக்கு வந்தும் புதன்கிழமை ஆனால் பால்காரருக்குக் கொடுக்கக்கூடக் காசு இருப்பதில்லை. கடன்களை எழுதுகிறேன். அவர் மட்டும் சம்பாதித்தபோது எடுத்த குழுக் கடனில் பாக்கி 38,000. மாதம் 2,900 கட்டுகிறோம். வங்கியில் நான்கு பவுன் நகை 1,20,000 ரூபாய்க்கு இருக்கிறது. பெரியம்மா மகனிடம் இரண்டு ரூபாய் வட்டிக்கு வாங்கிய 50,000 அப்படியே நிற்கிறது. வட்டி மட்டும் கொடுக்கிறோம். ஃபிரிட்ஜுக்கும் போனுக்கும் மாதம் 2,350 வீதம் இன்னும் எட்டு மாதம் தவணை உள்ளது. நாள்தோறும் வந்து வசூலிக்கும் தினத் தண்டலில் 20,000 ரூபாய்க் கடன், அதை ‘நோட்டு’ என்பார்கள். கையில் 17,000 கொடுத்தார்கள், நாளுக்கு 200 வீதம் நூறு நாள் கட்ட வேண்டும், முப்பது நாள் முடிந்திருக்கிறது. இது நான்காவது நோட்டு. மளிகைக் கடையில் பாக்கி 6,400. எதை முதலில் அடைப்பது? நகையை விற்றுவிடலாம் என்று அவர் சொல்கிறார். — ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: நீங்கள் பாதி வேலையை முடித்துவிட்டீர்கள், சகோதரி. எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுதும் துணிவு பலருக்கு வருவதில்லை. ஒன்றிரண்டை, குறிப்பாக உறவுக்காரர்களிடம் வாங்கியதை, எழுதாமலே விட்டுவிடுவார்கள். நீங்கள் எழுதியவற்றைக் கூட்டினால் 2,47,200 ரூபாய் வருகிறது. இது உங்கள் இருவருடைய எட்டு மாதச் சம்பளத்துக்குச் சற்றே கூடுதல். மிரள வேண்டிய தொகை இல்லை. ஆனால் இப்போது போகிற போக்கில் போனால் குறையாத தொகை.

உங்கள் வீட்டில் வரவு வாரக் கணக்கில் வருகிறது. வாடகையும் தவணையும் மாதக் கணக்கில் போகின்றன. தண்டலோ நாள் கணக்கில் போகிறது. மூன்று விதமான கணக்குகள் ஒரே பணப்பையிலிருந்து நடப்பதால்தான் புதன்கிழமை பை காலியாகிறது. எனவே எல்லாவற்றையும் வாரக் கணக்குக்கு மாற்றிப் பார்ப்போம். வாடகை 6,500, குழுக் கடன் 2,900, ஃபிரிட்ஜும் போனும் 2,350, பெரியம்மா மகனுக்கு வட்டி 1,000, நகைக்கு ஆண்டுக்கு ஒன்பது சதவீதம் என்று வைத்துக்கொண்டால் மாதம் 900, பிள்ளைகளின் வேன் 1,200, எரிவாயுவும் மின் கட்டணமும் 1,150. வாடகை, வேன் முதலியவற்றை உங்கள் கடிதத்தோடு இணைத்திருந்த தாளிலிருந்து எடுத்துக்கொண்டேன். மொத்தம் 16,000. நான்கால் வகுத்தால் ஒவ்வொரு சனிக்கிழமையும் 4,000 ரூபாயைத் தொடாமல் எடுத்து வைத்தாக வேண்டும். தண்டலுக்கு ஏழு நாளைக்கு 1,400. இரண்டும் போக உங்களுக்கு உண்மையில் மிஞ்சுவது 2,000 ரூபாய். ஆனால் சாப்பாடு, பால், டீ, பெட்ரோல் என்று நீங்கள் செலவழிப்பது வாரத்துக்கு 2,900. மளிகைக் கடைப் பாக்கி 6,400 எப்படி வந்தது என்று தனியே ஆராய வேண்டியதில்லை. வாரம் 900 துண்டு விழுந்தால் ஏழு வாரத்தில் அந்தத் தொகை வந்துவிடும்.

இப்போது தண்டலைப் பார்ப்போம். இருபதாயிரத்துக்கு மூவாயிரம் பிடித்தார்கள், ஆகவே பதினைந்து சதவீத வட்டி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அந்த மூவாயிரம் ஓர் ஆண்டுக்கான வட்டி இல்லை, நூறு நாளுக்கானது. அதுவும், முதல் நாளிலிருந்தே நீங்கள் அசலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருப்பதால், 17,000 ரூபாய் முழுவதும் நூறு நாளும் உங்கள் கையில் இருப்பதில்லை. குறைந்துகொண்டே வரும் நிலுவைக்குக் கணக்கிட்டால் ஆண்டுக்குச் சுமார் 120 சதவீதம் வருகிறது. அதாவது, நூறு ரூபாய்க்கு மாதம் பத்து ரூபாய்; நம் பக்கத்தில் ‘பத்து வட்டி’ என்று பெயர் சொல்லவே கூசுகிற அதே வட்டி. நான்கு நோட்டுக்கு 12,000 ரூபாய் முன்கூட்டியே பிடிக்கப்பட்டிருக்கிறது. ஓராண்டுக்குச் சற்று மேல் ஆன காலத்தில் உங்கள் நகைக்கடனுக்கு ஆகும் வட்டியும் ஏறத்தாழ அதே அளவுதான். தண்டலில் கையில் கிடைத்தது 17,000. நகைக்கடனில் கிடைத்தது 1,20,000.

அப்படியானால் எப்பாடுபட்டாவது தண்டலை நாளைக்கே அடைத்துவிடலாமா என்று கேட்பீர்கள். வேண்டாம். வட்டியை முன்னமே பிடித்துக்கொண்டுவிட்டார்கள். மீதி 14,000 ரூபாயை இன்று மொத்தமாகக் கொடுத்தாலும், கழிவு தருவதாக அவர்கள் ஒப்புக்கொண்டாலொழிய, உங்களுக்கு ஒரு ரூபாயும் மிச்சமில்லை. எழுபது நாளும் ஓடட்டும். செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஐந்தாவது நோட்டுப் போடக்கூடாது. எண்பது நாள் கட்டியவுடனே வசூலுக்கு வருபவரே “புது நோட்டுப் போட்டுக்கலாமுங்களா அக்கா?” என்று கேட்பார்; பழைய பாக்கியைக் கழித்துக்கொண்டு கையில் பன்னிரண்டு, பதின்மூன்றாயிரம் தருவதாகவும் சொல்வார். அந்த நாள் எப்போது வரும் என்று இன்றே நாள்காட்டியில் குறித்து வையுங்கள்.

ஆகவே சமாளிக்க வேண்டியது பத்து வாரம். வாரச் செலவில் 900 ரூபாய் குறைந்தாக வேண்டும். டீயையும் வடையையும் நிறுத்தச் சொல்லும் கூட்டத்தில் நான் இல்லை; பன்னிரண்டு மணி நேரம் தையல் எந்திரத்தின் முன்னால் உட்காருகிறவருக்கு அந்தக் கால் மணி நேரம்தான் முதுகை நிமிர்த்துகிற நேரம். அதற்கு ஆகும் வாரம் 300 ரூபாய் அப்படியே இருக்கட்டும். மளிகைக்கு வாரம் 1,000 ரூபாய் என்கிறீர்கள். ரேஷன் கடையில் கிலோ 30 ரூபாய்க்குத் துவரம் பருப்பும் லிட்டர் 25 ரூபாய்க்குப் பாமாயிலும் கிடைப்பதைத் தவறாமல் வாங்கி, மற்றவற்றைக் கடனுக்கு வாங்காமல் காசு கொடுத்து வாங்கினால் 700-க்குள் அடங்கும். ஞாயிற்றுக்கிழமைக் கறியும், அன்று மாலை வெளியே சாப்பிடுவதும் சேர்ந்து 600 ஆகிறது. கறியை விட வேண்டாம். வெளிச் சாப்பாட்டை மட்டும் இந்தப் பத்து வாரமும் விடுங்கள், பாதி குறையும். காய்கறியை உழவர் சந்தையில் வாரம் இருமுறை வாங்கினால் 100 ரூபாயும், நீங்கள் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணமில்லாமல் போய்வந்தால் பெட்ரோலில் 50 ரூபாயும் மிஞ்சும். கூட்டினால் 750 வருகிறது. மீதி 150 இடிக்கத்தான் செய்யும். எல்லாம் சரியாகப் பொருந்திவிட்டது என்று எழுதி உங்களை ஏமாற்ற எனக்கு மனமில்லை.

அந்த இடிப்புக்கு ஒரு வழி உங்கள் சம்பளத்திலேயே இருக்கிறது. வாரச் சம்பளக்காரர்கள் மாதத்துக்கு நான்கு சம்பளம் என்று கணக்கு வைத்துக்கொள்கிறார்கள். பன்னிரண்டு மாதத்துக்கு நாற்பத்தெட்டு ஆகிறது. ஆண்டில் உள்ள சனிக்கிழமைகளோ ஐம்பத்திரண்டு. இந்த 2026-இல் ஜனவரி, மே, ஆகஸ்டு, அக்டோபர் ஆகிய நான்கு மாதங்களில் ஐந்து சனிக்கிழமைகள் வருகின்றன. முதல் இரண்டும் போய்விட்டன. ஆகஸ்டு 29-உம் அக்டோபர் 31-உம் இருக்கின்றன. ஐந்தாவது வாரத்திலும் வயிறு பசிக்கும், ஆகவே முழுச் சம்பளமும் உபரி என்று நினைத்துவிடக் கூடாது. ஆனால் வாடகைக்கும் தவணைக்கும் நான்கு வாரத்திலேயே எடுத்து வைத்துவிட்டதால், அந்த வாரம் எடுத்து வைக்க வேண்டிய 4,000 ரூபாய்க்கு வேலை இல்லை. இத்தனை ஆண்டும் அந்தப் பணம் உங்கள் வீட்டுக்கு வந்துகொண்டுதான் இருந்தது. பெயர் வைக்காத பணமாக இருந்ததால் துணிக்கடையிலோ பழனிக்குப் போய்வருவதிலோ கரைந்திருக்கும். ஆகஸ்டு 29 அன்று அதில் 1,500 ரூபாயைப் பத்து வார இடிப்புக்கு வைத்துக்கொண்டு, 2,500 ரூபாயை மளிகைக் கடையில் கொடுத்துவிடுங்கள்.

தண்டல் முடிந்த வாரத்திலிருந்து 1,400 ரூபாய் விடுபடும். அதைச் செலவில் சேர்க்காமல், தண்டல்காரருக்குக் கொடுப்பது போலவே எடுத்து வைத்தால், மளிகைப் பாக்கி மூன்றே வாரத்தில் தீரும். வட்டியில்லாத கடனை முன்னால் அடைக்கச் சொல்வது கணக்கு நூல்களுக்கு ஒத்துவராது என்பதை அறிவேன். ஆனால் பாக்கி இருக்கிற கடையில் விலை கேட்க முடியாது, வேறு கடைக்கும் போக முடியாது. அந்தப் பாக்கி தீர்ந்தால்தான் உங்கள் மளிகைச் செலவு உங்கள் கைக்கு வரும்.

அடுத்தது பெரியம்மா மகனின் 50,000. இரண்டு ரூபாய் வட்டி என்பது ஆண்டுக்கு 24 சதவீதம்; 12,000 ரூபாய். நகைக்கடனுக்கு ஒன்பது சதவீதம்தான். நான்கு பவுனின் மேல் கூடுதலாக 50,000 வாங்க வங்கி இடம் கொடுத்தால், அதைக் கொண்டு இவருக்குக் கொடுத்துவிட்டு, ஆண்டு வட்டியை 4,500 ஆகக் குறைத்துக்கொள்ளலாம். இதைத்தானே முதலில் சொல்லியிருக்க வேண்டும் என்று உங்கள் கணவர் கேட்கக்கூடும். வேண்டுமென்றேதான் பின்னால் வைத்தேன். வாரம் 900 ரூபாய் துண்டு விழுகிற வீட்டில் நகைக்கடனை உயர்த்தினால், ஆறு மாதத்தில் உயர்ந்த நகைக்கடனும் இருக்கும், புதிதாக ஒரு கைமாற்றும் இருக்கும். மூன்று மாதம் இந்த வாரக் கணக்கு தடுமாறாமல் ஓடிய பிறகு மாற்றுங்கள். பிறகு 1,400 ரூபாயை வாரந்தோறும் நகைக்கடனின் அசலில் கட்டுங்கள். எட்டு மாதத் தவணை முடிந்ததும் அந்த 2,350-ஐயும் அதனோடு சேருங்கள்.

குழுக் கடன் தன் போக்கில் பதினைந்து, பதினாறு மாதத்தில் முடியும். கையில் பணம் வந்து முன்னதாக முடிக்க விரும்பினால், ரிசர்வ் வங்கியின் 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி இத்தகைய நுண்கடனுக்கு முன்கூட்டிச் செலுத்தும் கட்டணம் எதுவும் பிடிக்கக்கூடாது. அதே விதிகள், ஒரு குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதிக்கு மேல் கடன் தவணைக்குப் போகும்படி நுண்கடன் கொடுக்கக்கூடாது என்றும் சொல்கின்றன. ஆனால் கடன் கொடுப்பவர் பார்க்கும் அறிக்கையில் தண்டலும் கைமாற்றும் தெரியாது; அவற்றைக் கணக்கில் எடுக்க வேண்டியவர் நீங்கள் ஒருவரே.

நகையை விற்பது பற்றி: வட்டி கட்டும் உங்கள் கடன்களிலேயே மலிவானது நகைக்கடன். அதைத் தீர்க்க நகையை விற்றால், வாங்கும்போது கொடுத்த செய்கூலியும் சேதாரமும் திரும்பி வராது. தண்டலும் கைமாற்றும் அப்படியே இருக்கும். தீபாவளிக்குப் போனஸ் வரும்போதும் இதே வரிசையை வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்குத் துணியும் பலகாரமும் போக மீதி முழுவதும் கடனுக்கு. அதையும் பட்டுவாடா ஆகும் அன்றைக்கே கொடுத்துவிட வேண்டும், மறுநாள் பணம் இருக்காது.

கேள்வி: எட்டுத் தறி வைத்துக் கூலிக்கு நெய்கிறேன். 3,00,000 ரூபாய்க்கு நகை வங்கியில் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் சித்திரையில் முழுப் பணத்தையும் கட்டித் திருப்பி, மறுநாள் அதே நகையை மீண்டும் வைக்கிறேன். அந்த ஒரு நாளுக்கு வெளியில் வாங்கும் பணத்துக்கு ஆயிரத்துக்குப் பத்து ரூபாய் கொடுக்கிறேன். ஏழு ஆண்டாக அசல் குறையவே இல்லை. — ஒரு வாசகர், பல்லடம்

பதில்: ஆண்டு வட்டி 27,000-ஐயும் சேர்த்து 3,27,000 ரூபாயை ஒரு நாளுக்கு வாங்குகிறீர்கள் என்றால், அந்த ஒரு நாளுக்கு 3,270 ரூபாய் கொடுக்கிறீர்கள். நகைக்கடனில் ஆண்டுக்கு ஒருமுறைதான் கட்ட வேண்டும் என்று வசதி கொடுத்திருப்பதே பலரைக் கெடுக்கிறது; பதினோரு மாதம் கடனை மறந்திருந்து, பன்னிரண்டாம் மாதம் ஓடுகிறோம். இடையில் எவ்வளவு கட்டினாலும் வங்கி வாங்கிக்கொள்ளும். கூலிப் பணம் வரும்போதெல்லாம் சேர்த்து மாதம் 5,000 ரூபாய் கட்டி வந்தால், ஒன்பது சதவீத வட்டியில், ஆண்டு முடியும்போது நிலுவை வட்டியோடு சேர்த்தே சுமார் 2,66,000-க்கு இறங்கியிருக்கும். தறி நிற்கிற மாதத்தில் வட்டி 2,250-ஐயாவது கட்டுங்கள்.

இன்னொன்று. அடுத்த முறை வைக்கும்போது எல்லா நகையையும் ஒரே கணக்கில் வைக்காதீர்கள். ஆரம் ஒரு கணக்கு, வளையல் ஒரு கணக்கு, மற்றவை ஒரு கணக்கு என்று மூன்றாகப் பிரித்து, வெவ்வேறு மாதங்களில் முடியுமாறு வைத்தால், ஒரு நேரத்தில் ஒரு லட்சத்தை மட்டும் புரட்டினால் போதும். ஒரு பொட்டலமாவது வீட்டுக்குத் திரும்பி வரும் நாளையும் பார்க்கலாம். முழுப் பணம் கட்டாமல், வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பிக்க முடியுமா என்று கிளை மேலாளரையே கேளுங்கள். நகை மதிப்பீட்டாளரையும், வாசலில் நிற்கும் கைமாற்றுத் தரகரையும் கேட்டு முடிவு செய்ய வேண்டாம்.

தள்ளுபடி வரும் என்று காத்திருப்பதாகவும் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். 2021-இல் அறிவிக்கப்பட்ட நகைக்கடன் தள்ளுபடி கூட்டுறவு நிறுவனங்களில் ஐந்து பவுன் வரை வைத்தவர்களுக்கு, அதுவும் நிபந்தனைகளோடு வந்தது. அதை நம்பி ஒரு மாத வட்டியைக் கட்டாமல் விடுவதைக்கூட நான் ஆதரிக்க மாட்டேன்.

கேள்வி: எனக்கு வயது 26. கோவையில் வேலை, மாதச் சம்பளம் 34,000. கிரெடிட் கார்டில் 86,000 நிலுவை. மாதந்தோறும் குறைந்தபட்சத் தொகையான 4,300 ரூபாயைத் தவறாமல் கட்டுகிறேன். பத்து மாதமாகியும் நிலுவை அப்படியே இருக்கிறது. வங்கி தவறு செய்கிறதா? — ஒரு வாசகர், சரவணம்பட்டி

பதில்: தவறு செய்யவில்லை, தம்பி, கணக்கு அப்படித்தான் அமைக்கப்பட்டிருக்கிறது. மாதம் 3.5 சதவீத வட்டி என்றால் 86,000 ரூபாய்க்கு 3,010. அந்த வட்டியின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 542. நீங்கள் கட்டும் 4,300-இல் அசலுக்குப் போவது 750 ரூபாய்கூட இல்லை. அந்த 750-க்கும் மேலாக அதே அட்டையில் பெட்ரோல் போட்டுக்கொண்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பழைய நிலுவை இருக்கும்வரை புதிதாக வாங்கும் எதற்கும் வட்டியில்லாக் காலம் கிடையாது; வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும்.

முதலில் அட்டையை அம்மாவிடம் கொடுத்து வையுங்கள். போனில் சேமித்து வைத்திருக்கும் அட்டை எண்ணையும் நீக்கிவிடுங்கள். பிறகு வங்கியை அழைத்து முழு நிலுவையையும் மாதத் தவணையாக மாற்றித் தரச் சொல்லுங்கள்; வட்டி பாதிக்கும் கீழே இறங்க வாய்ப்பு உண்டு. செயலாக்கக் கட்டணத்தையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வேலை செய்யும் இடத்தில் பணியாளர் கூட்டுறவுச் சங்கம் இருந்தால் அங்கேயும் விசாரிக்கலாம். கடன் செயலியில் வாங்கி அட்டைக்குக் கட்டுவது மட்டும் வேண்டாம். வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-இல் கூறியிருக்கிறது. அழைத்தால் நாளையும் நேரத்தையும் குறித்து வைத்து வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். உங்கள் கடன் அறிக்கையை ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனத்திடமும் ஆண்டுக்கு ஒருமுறை கட்டணமின்றிப் பெறலாம். ஒருமுறை எடுத்துப் பாருங்கள். மறந்துபோன கடன் ஏதேனும் இருந்தால் தெரியும்.

கேள்வி: என் வீட்டுக்காரரின் தங்கை மகள் பெரிய பெண்ணாகியிருக்கிறாள். ஆவணியில் சீர் வைத்திருக்கிறார்கள். தாய்மாமன் சீரைக் குறைத்துச் செய்தால் ஒரம்பரையில் (உறவினர் மத்தியில்) தலைகாட்ட முடியாது என்கிறார் என் வீட்டுக்காரர். ஏற்கெனவே எங்களுக்கு மூன்று லட்சம் கடன் இருக்கிறது. — ஒரு வாசகி, காங்கேயம்

பதில்: தாய்மாமன் சீரை நிறுத்தச் சொல்ல எனக்கு உரிமையும் இல்லை, விருப்பமும் இல்லை. பிறந்த வீட்டுப் பாசத்தை நம் பக்கத்துப் பெண்கள் சபையில் பார்க்கிற நாள் அது. ஆனால் சீரில் இரண்டு பகுதி உண்டு. தட்டும், புடவையும், மாமன் மாலையும் முறையைச் சேர்ந்தவை. எத்தனை வண்டி, எத்தனை தட்டு, பேண்டு வாத்தியமா, செண்டை மேளமா என்பவை பக்கத்து வீட்டுக்காரர் போன மாதம் செய்ததைச் சேர்ந்தவை. முதல் பகுதியைக் குறைக்காமல் செய்யுங்கள். இரண்டாவதற்குக் கடன் வாங்காதீர்கள். உங்கள் வீட்டுக்காரர் தங்கையிடம் தனியே உட்கார்ந்து நிலைமையைச் சொல்லிவிடுவது நல்லது. சபையில் தெரிவதற்கு முன் தங்கைக்குத் தெரிந்திருந்தால் அவரே அண்ணனை விட்டுக்கொடுக்க மாட்டார். நகை போட்டே தீர வேண்டும் என்றால் அதை அவள் கல்யாணத்துக்குத் தள்ளி வைக்கலாம். இன்னும் பல ஆண்டு இருக்கிறது.

அடுத்த ஆண்டிலிருந்து விசேஷங்களுக்கென்று தனிக் கணக்கு வையுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை. அந்த இரண்டு மாதம் விசேஷச் செலவு இல்லாத மாதங்கள். புரட்டாசியில் உங்கள் வீட்டில் கறி எடுக்க மாட்டீர்கள் என்றால் நான்கைந்து ஞாயிற்றுக்கிழமைப் பணம் மிஞ்சும். இந்த மூன்று மாதத்தில் ஒதுக்கியது ஆவணி, தை, வைகாசி முகூர்த்தங்களுக்குப் போகட்டும். நோம்பிச் செலவு திடீரென்று வந்துவிட்டது என்று கடிதங்களில் பலர் எழுதுகிறார்கள். தீபாவளியும் பொங்கலும் எப்போது வரும் என்பது நாள்காட்டி அச்சடிக்கும்போதே தெரிந்த செய்திதானே.

கேள்வி: கடன் கொடுத்தவர் வெற்றுத்தாளில் கையெழுத்தும், நிரப்பாத காசோலையும், ஏடிஎம் அட்டையும் வாங்கி வைத்திருக்கிறார். வாங்கியதைவிட இரண்டு மடங்கு கட்டிவிட்டேன். வீட்டு வாசலில் வந்து சத்தம் போடுகிறார். — ஒரு வாசகர், ஈரோடு மாவட்டம்

பதில்: இது வரவு செலவுத் திட்டத்தால் தீர்கிற கடன் இல்லை. தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் 2003 முதல் இருக்கிறது. வலுக்கட்டாயமாகக் கடன் வசூலிப்பதைத் தடுக்க 2025-இல் தனிச் சட்டமும் நிறைவேற்றப்பட்டிருக்கிறது. கட்டிய தொகைகளை நாள் வாரியாக எழுதி, பணம் அனுப்பிய வங்கிப் பதிவுகளோடு காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது பெறுங்கள். அங்கே தாமதமானால் திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுக் கொடுங்கள். ஏடிஎம் அட்டையை முடக்கச் சொல்லி வங்கிக்கு இன்றே தெரிவியுங்கள். காசோலை எண்ணையும் குறிப்பிட்டுப் பணம் தர வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: கடனை அடைக்க ஏலச்சீட்டுப் போடலாமா? — ஒரு வாசகி, கரூர்

பதில்: சேமிப்பதற்குப் போடலாம். தள்ளி எடுத்து, அதாவது சீட்டுத் தொகையில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து முன்னதாகவே எடுத்து, கடன் அடைப்பதற்கு என்றால், எடுத்த நாளிலிருந்து அதுவும் கடன்தான். எவ்வளவு தள்ளுகிறீர்களோ அவ்வளவும் வட்டி. ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டை முப்பதாயிரம் தள்ளி எடுத்து, இரண்டு ரூபாய் வட்டிக் கடனை அடைப்பதில் பொருளில்லை. 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டத்தின்படி பதிவு செய்யப்பட்ட சீட்டு தானா என்று பாருங்கள். சீட்டு நடத்துபவரின் கமிஷன் ஏழு சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது 2019-இல் செய்யப்பட்ட திருத்தம். தெருவில் தெரிந்தவர் நடத்துவது என்றால், அவர் நல்லவர் என்பது மட்டும் போதாது. அவர் சீட்டில் சேர்த்திருக்கும் மற்ற பத்தொன்பது பேரும் கடைசி மாதம் வரை கட்ட வேண்டும்.

கேள்வி: செலவுக் கணக்கு எழுத எந்தச் செயலி நல்லது? இரண்டு முறை தொடங்கி விட்டுவிட்டேன். — ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: செயலியால் நின்றுபோகவில்லை, ஒவ்வொரு ரூபாயையும் எழுத முயன்றதால் நின்றுபோயிருக்கும். உங்கள் பாட்டனார் பால் சொசைட்டிக் கணக்கையும் மஞ்சள் மண்டிக் கணக்கையும் சிட்டையில் எழுதியபோது, வெற்றிலைக்குக் கொடுத்த காசையெல்லாம் எழுதவில்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். வாரச் செலவுக்கு என்று முடிவு செய்த தொகையைச் சனிக்கிழமை ரொக்கமாக எடுத்து ஒரு டப்பாவில் வைத்து, அந்த வாரத்துக் கடைச் செலவு எல்லாவற்றையும் அதிலிருந்தே செய்யுங்கள். போனில் பணம் அனுப்பும் வசதியை, தவணைப் பணம் இருக்கும் கணக்கோடு இணைக்காமல், நூறு இருநூறு மட்டும் வைத்திருக்கும் வேறொரு கணக்கோடு இணைத்துக்கொள்ளுங்கள். அடுத்த சனிக்கிழமை டப்பாவில் மிஞ்சியதை எண்ணி ஒரு வரி எழுதினால் அந்த வாரக் கணக்கு முடிந்தது. டப்பா எந்தக் கிழமை காலியாயிற்று என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். எட்டு வாரம் எழுதிய பிறகு அந்தப் பக்கத்தைப் படியெடுத்து எனக்கு அனுப்பினால் அடுத்த பதில் எழுத வசதியாக இருக்கும்.